கண்டெய்னரைத் திறக்காமலே உள்ளே பார்க்கும் ஸ்கேனர்: எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும்?

2021 ஏப்ரல் மாதம். தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்துக்கு வந்த ஒரு கண்டெய்னரை, டி.ஆர்.ஐ. எனப்படும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்தின் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். ஆவணத்தில் இருந்த சரக்கு மரக்கட்டை. கிளம்பிய இடம் மத்திய அமெரிக்காவில் உள்ள பனாமா. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப், இலங்கையின் கொழும்பு ஆகிய துறைமுகங்கள் வழியாகத் தூத்துக்குடி வந்து சேர்ந்திருந்தது. கட்டைகளை நகர்த்தினால் இடையில் பைகள். பைகளுக்குள் 300 கிலோவுக்கும் மேல் கொகைன். சந்தை மதிப்பு சுமார் 2,000 கோடி ரூபாய்.

இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் நமக்குத் தோன்றும் கேள்வி ஒன்றுதான். துறைமுகத்தில்தான் பெரிய பெரிய ஸ்கேனர் இருக்கிறதே, வரும் பெட்டி எல்லாவற்றையும் அதில் விட்டு எடுத்துவிட்டால் என்ன? கடத்தல்காரன் எங்கே ஒளிவான்?

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஸ்கேனர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், பதில் அவ்வளவு சுலபமில்லை என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். துறைமுகத்தில் கதிர்வீச்சை வைத்து நடக்கும் சோதனை இரண்டு ரகம். ஒன்று, இயந்திரமே கதிரை அனுப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று படம் எடுப்பது. இன்னொன்று, இயந்திரம் எதையும் அனுப்பாது. பெட்டிக்குள் இருந்து கதிர் ஏதாவது வெளியே வருகிறதா என்று மட்டும் பார்க்கும். போதைப்பொருள், சிகரெட், பட்டாசு, செம்மரத்துக்கு முதல் ரகம். யுரேனியம், சீசியம் மாதிரி கதிரியக்கப் பொருளுக்கு இரண்டாவது ரகம். செய்திகளில் இரண்டையும் 'ஸ்கேனர்' என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம்.

60 லட்சம் வோல்ட் எக்ஸ்ரே

ஆஸ்பத்திரியில் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் பயன்படும் மின்னழுத்தம் சுமார் 1 லட்சம் வோல்ட். கண்டெய்னருக்கு அது போதாது. 40 அடி நீள இரும்புப் பெட்டி, உள்ளே 25 டன் வரை சரக்கு. அந்தக் கதிர் சரக்கின் முதல் சில வரிசைகளிலேயே அடங்கிப் போய்விடும்.

அதனால் இங்கே லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். அடிப்படையில் அதே கருவிதான். எலக்ட்ரான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்துக்கு முடுக்கிவிட்டு டங்ஸ்டன் போன்ற கனமான உலோகத்தின் மீது மோதவிடுவார்கள். மோதும் இடத்தில் இருந்து எக்ஸ்ரே பாயும். அதன் ஆற்றல் பொதுவாக 60 லட்சம் முதல் 90 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரை. சுமார் 30 சென்டிமீட்டர் கனமுள்ள இரும்பையே ஊடுருவிப் போகும்.

அந்தக் கதிரை ஒரு மெல்லிய விசிறி மாதிரி ஆக்கி கண்டெய்னரின் ஒரு பக்கத்தில் இருந்து அனுப்புகிறார்கள். மறுபக்கம் வரிசையாக உணரிகள் நிற்கும். லாரி நகர நகர, ரொட்டியை ஸ்லைஸ் போடுவது போல ஒவ்வொரு கீற்றாகப் படம் பதிவாகும். எல்லாக் கீற்றையும் ஒட்டினால் முழுக் கண்டெய்னரின் பக்கவாட்டுப் படம் ரெடி. கதிர் அதிகம் தடுக்கப்பட்ட இடம் கறுப்பாகவும், எளிதாகக் கடந்து போன இடம் வெளுப்பாகவும் தெரியும்.

கட்டடத்துக்குள் நிலையாக நிற்கும் ஸ்கேனர், லாரி மேலேயே பொருத்திய மொபைல் ஸ்கேனர், டிரைவர் வண்டியை ஓட்டிக்கொண்டே கடந்து போகும் 'டிரைவ்-த்ரூ' ஸ்கேனர் என்று மூன்று வகை உண்டு. டிரைவ்-த்ரூ என்றால் மணிக்கு 100 வண்டிகளுக்கு மேல் பார்க்க முடியும்.

படத்தைப் பார்ப்பது ஒரு தனிக் கலை

இங்கேதான் பலருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. ஸ்கேனருக்கு 'கொகைன்' என்று ஒரு பொருளே தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: உருவம், அடர்த்தி. கொஞ்சம் நவீனமான கருவி என்றால் மூன்றாவதாக இன்னொன்றும் தெரியும். அதிக ஆற்றல், குறைந்த ஆற்றல் என இரண்டு விதக் கதிரை மாற்றி மாற்றி அனுப்பி, பொருள் எந்த இனம் என்று தோராயமாகச் சொல்லும். மரம், துணி, உணவு மாதிரி கரிமப் பொருள் ஒரு நிறம், உலோகம் இன்னொரு நிறம். விமான நிலையத்தில் நம் பையைப் பார்க்கும் திரையில் ஆரஞ்சும் நீலமும் தெரிகிறதே, அதே யோசனைதான். ஆனால் கண்டெய்னர் ஸ்கேனரின் ஆற்றல் அளவில் இந்த வித்தியாசம் ரொம்பவே மங்கலாகத்தான் தெரியும்.

சர்க்கரை மூட்டையும் கொகைன் மூட்டையும் அதன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்படியானால் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள்? 'பொருந்தாமை'யை வைத்து. ஆவணத்தில் டைல்ஸ் என்று இருந்தால் படத்தில் ஒரே சீரான, அடுக்கடுக்கான கட்டங்கள் தெரிய வேண்டும். அதற்கு நடுவே ஒரு இடத்தில் மட்டும் வேறு மாதிரி திட்டு தெரிந்தால் சந்தேகம். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் சுங்கத்துறை ஊழியர் தேடுவது அந்தத் திட்டைத்தான்.

இந்த முறைக்கு வசமாகச் சிக்கும் கடத்தல்கள் உண்டு. 2025 தீபாவளி நேரத்தில் தூத்துக்குடியில் சிக்கிய சீனப் பட்டாசை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு 40 அடி கண்டெய்னர். முன்னால் இருந்தது சிலிகான் சீலன்ட் கன். அதற்குப் பின்னால் சுமார் 5 கோடி ரூபாய் மதிப்புள்ள பட்டாசு. கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அதிகாரியை ஏமாற்றத்தான் இந்த 'முன்வரிசை' வேஷம். ஆனால் பக்கவாட்டில் இருந்து எடுக்கும் எக்ஸ்ரே படத்துக்கு முன்வரிசை, பின்வரிசை என்ற பேச்சே இல்லை. பெட்டியின் வாய் முதல் அடி வரை ஒரே பார்வையில் விரிந்துவிடும். உரிமம் இல்லாமல் பட்டாசு இறக்குமதி செய்ய முடியாது. அப்படி வரும் ஒவ்வொரு பெட்டியும் சிவகாசியில் ஒருவருடைய சீசன் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்பதால் இது நமக்குச் சின்ன விஷயம் கிடையாது.

செம்மரமும் அப்படித்தான். ஆந்திரக் காடுகளில் வெட்டி, வேறு சரக்கு என்று கணக்குக் காட்டி, சென்னை, தூத்துக்குடி உள்ளிட்ட துறைமுகங்கள் வழியாக அனுப்பப் பார்ப்பார்கள். செம்மரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தியானது. துணி மூட்டை என்று சொன்ன பெட்டிக்குள் உருண்டை உருண்டையாகக் கறுத்த கட்டைகள் தெரிந்தால் மறைக்க வழியில்லை. 'காலி' என்று சொல்லி வரும் கண்டெய்னரைப் பார்ப்பது இன்னும் எளிது. காலிப் பெட்டியின் படம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். தரைப் பலகைக்கு அடியிலோ, குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் பகுதியிலோ எதையாவது திணித்திருந்தால் பழைய படத்தோடு ஒப்பிட்டாலே தெரிந்துவிடும்.

முந்த்ராவில் நடந்தது என்ன?

இப்போது மறுபக்கம்.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் இரண்டு கண்டெய்னர்களில் இருந்து 2,988 கிலோ ஹெராயின் பிடிபட்டது. மதிப்பு 21,000 கோடி ரூபாய் என்று அப்போது சொல்லப்பட்டது. ஆப்கானிஸ்தானில் இருந்து ஈரானின் பந்தர் அப்பாஸ் துறைமுகம் வழியாக வந்த சரக்கு அது. ஆவணத்தில் 'டால்க்' கல் என்று இருந்தது. முகத்துக்குப் போடும் பவுடருக்கு மூலப்பொருளாகும் அதே கல்தான்.

பெரிய ஜம்போ பைகளின் அடியில் ஹெராயின், மேலே டால்க் கல். இதை எக்ஸ்ரேயில் பார்த்தால் என்ன தெரியும்? பை பையாக நிரம்பிய ஏதோ ஒரு சரக்கு. அடர்த்தியில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம்தான். ஆனால் குவியலாகக் கொட்டிய கல்லும் தூளும் எங்கேயும் சீராக இருப்பதில்லை. ஒரு பையில் நெருக்கமாகவும் இன்னொரு பையில் தளர்வாகவும்தான் இருக்கும். அதில் எதைச் சந்தேகப்படுவது?

அடுத்த ஆண்டு நடந்தது இதைவிட விவகாரமானது. 2022 ஏப்ரலில் குஜராத்தின் பிபாவாவ் துறைமுகத்தில், ஈரானில் இருந்து வந்த நூல் கட்டுகள் பிடிபட்டன. ஹெராயின் கலந்த கரைசலில் நூலை முக்கி, உலர்த்தி, மற்ற நூலோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நவி மும்பையின் நவசேவா துறைமுகத்தில் சிக்கிய கண்டெய்னரில் 20 டன்னுக்கும் மேல் அதிமதுரம். நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதே அதிமதுர வேர்தான். அதன் மேல் ஹெராயின் பூசியிருந்தது.

நூலுக்குள் ஊறிப்போன ஹெராயினை எந்த எக்ஸ்ரே காட்டும்? நூல் நூலாகத்தான் தெரியும். ஒளித்து வைத்தால்தானே உருவம் இருக்கும். இங்கே சரக்கே கடத்தல் பொருளாக மாறிவிட்டது. கடத்தல் கும்பல்கள் ஸ்கேனரின் பலவீனத்தைச் சரியாகப் படித்திருக்கிறார்கள் என்றுதான் இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தூத்துக்குடி கொகைன் விவகாரம் இன்னொரு உத்தி. வேறு யாரோ நேர்மையாக அனுப்பும் சரக்குக்குள், வழியில் பைகளைப் போட்டுவிட்டு, சேரும் துறைமுகத்தில் சரக்கின் உரிமையாளருக்கே தெரியாமல் எடுத்துக்கொள்வது என்று ஒரு முறை இருக்கிறது. 'ரிப்-ஆஃப்' என்பார்கள். லத்தீன் அமெரிக்க கொகைன் ஐரோப்பாவுக்குப் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான். மரக்கட்டை இதற்கு ஏன் தோதானது? உருவம் ஒழுங்கில்லாதது, இடைவெளி நிறைய இருக்கும், அதுவும் கரிமப் பொருள்தான். படத்தில் ஏற்கெனவே குழப்பமாக இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் குழப்பம் சேர்ந்தால் கண்ணுக்குச் சிக்காது.

அப்போ பிடித்தது யார்?

துப்பு. தூத்துக்குடி, முந்த்ரா இரண்டிலும் அதிகாரிகளுக்குத் தகவல் முன்னாலேயே வந்திருந்தது. எந்தப் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் கைவைத்தார்கள்.

துப்பு எப்போதும் ஆள் மூலமாகத்தான் வர வேண்டும் என்றில்லை. காகிதமே காட்டிக் கொடுக்கும். முந்த்ரா விவகாரத்தையே பாருங்கள். இறக்குமதி செய்த நிறுவனத்தின் முகவரி ஆந்திராவின் விஜயவாடா. அதை நடத்தியதாகச் சொல்லப்பட்ட தம்பதி கைதானது சென்னையில். சரக்கு இறங்கியதோ நாட்டின் மேற்கு முனையில் இருக்கும் குஜராத்தில். பக்கத்திலேயே துறைமுகங்கள் இருக்க, அவ்வளவு தொலைவில் ஏன் இறக்க வேண்டும் என்று விசாரணையின்போது நீதிமன்றமே கேட்டது. எக்ஸ்ரே கண்ணுக்குத் தெரியாத பொருந்தாமை இது.

இந்தியச் சுங்கத்துறை 'ரிஸ்க் மேனேஜ்மென்ட்' முறையில் இதைத்தான் செய்கிறது. சரக்கு எங்கிருந்து வருகிறது, அனுப்புபவர் யார், இறக்குமதியாளர் இதற்கு முன் என்ன வியாபாரம் செய்தார், சரக்கின் மதிப்புக்கும் கப்பல் கூலிக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று கணினி அலசி, சந்தேகத்துக்குரிய பெட்டிகளை மட்டும் ஸ்கேனருக்கு அனுப்பும். ஸ்கேனர் படத்திலும் சந்தேகம் இருந்தால்தான் சரக்குப் பெட்டக நிலையத்துக்குக் கொண்டுபோய் சரக்கை இறக்கிப் பார்ப்பார்கள்.

ஆக, ஸ்கேனர் இந்த வரிசையில் நடுவில் நிற்கும் ஒரு ஆள். முதலில் நிற்கும் ஆள் சரியான பெட்டியைக் கைகாட்டாவிட்டால், நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு கூர்மையான கண் இருந்தும் பலன் குறைவு. ஸ்கேனர் வாங்கினால் படம் போட்டுச் செய்தி வருகிறது. காகிதத்தை அலசும் ஆளுக்கு அந்த வெளிச்சம் கிடைப்பதில்லை.

கதிரை மோப்பம் பிடிக்கும் தூண்கள்

இரண்டாவது ரகத்துக்கு வருவோம். துறைமுக வாசலில் இரண்டு பக்கமும் உயரமான தூண் மாதிரி நிற்கும். லாரி மெதுவாக நடுவே போகும். தூணுக்குள் இருப்பது காமா கதிர் பட்டால் மினுங்கும் ஒரு வகை பிளாஸ்டிக். நியூட்ரான்களைப் பிடிக்கத் தனிக் குழாய்களும் இருக்கும். இது கதிரை அனுப்பாது என்பதால் யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை. அமெரிக்காவுக்குள் கடல் வழியாக வரும் கண்டெய்னர்களில் ஏறக்குறைய எல்லாமே இப்படி ஒரு வாசலைத் தாண்டித்தான் வெளியே போகின்றன.

இதன் வேலையை உலகம் 2025 ஆகஸ்டில் பார்த்தது. இந்தோனேசியாவில் இருந்து வந்த உறைய வைத்த இறால் கண்டெய்னர்களில் சீசியம்-137 இருப்பதை லாஸ் ஏஞ்சலஸ், ஹூஸ்டன், சவானா, மியாமி ஆகிய நான்கு துறைமுகங்களில் அமெரிக்க அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். ஆய்வு செய்த ஒரு இறால் மாதிரியில் கிலோவுக்கு 68 பெக்கரல் இருந்தது. அமெரிக்கா நடவடிக்கை எடுக்க வைத்திருக்கும் அளவு 1,200 பெக்கரல். அதாவது எல்லைக்கு ரொம்பக் கீழேதான். ஆனாலும் இருக்கவே கூடாத பொருள் என்பதால் சரக்கைத் திரும்பப் பெற்றார்கள். நூல் பிடித்துக்கொண்டே போனால், ஜாவா தீவின் சிகாண்டே தொழிற்பேட்டையில் பழைய இரும்பு உருக்கும் ஒரு ஆலை. ஸ்கிராப்போடு கலந்து வந்த சீசியம் உருகிக் காற்றில் பரவியதாகச் சந்தேகிக்கப்பட்டது. இதில் கடத்தல் இல்லை. ஆனால் கடத்தலைப் பிடிக்க வைத்த பொறிதான் இதையும் பிடித்தது.

பொய் அலாரம் இதன் பெரிய தலைவலி. வாழைப்பழம், பொட்டாஷ் உரம், செராமிக் டைல்ஸ், கிரானைட், பூனைக்குப் போடும் மண் என்று இயற்கையாகவே சிறிதளவு கதிரியக்கம் உள்ள சரக்கு போனாலும் கத்தும். சில நாள் முன்பு தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை எடுத்த டிரைவர் போனாலும் கத்தும். தோரியம் கலந்த மோனசைட் மணல் இருக்கும் கன்னியாகுமரி கடற்கரை நமக்குத் தெரியும். அந்த மணல் ஒரு மூட்டை போனால் நிச்சயம் கத்தும். மோனசைட்டை உரிமம் இல்லாமல் கையாளவோ ஏற்றுமதி செய்யவோ கூடாது என்பதால், அந்த அலாரம் மட்டும் பொய் அலாரம் ஆகாது.

சரி, நிஜமாகவே ஒருவன் யுரேனியம் கொண்டுவந்தால்? இதைச் சோதித்துப் பார்த்தது ஒரு தொலைக்காட்சி சேனல்தான். அமெரிக்காவின் ஏபிசி நியூஸ், 2002-ல் சுமார் 6.8 கிலோ செறிவு குறைந்த யுரேனியத்தை ஈயம் பூசிய குழாயில் வைத்து இஸ்தான்புல்லில் இருந்து நியூயார்க்குக்கு அனுப்பியது. மறு ஆண்டு ஜகார்த்தாவில் இருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு. இரண்டு முறையும் அந்தக் கண்டெய்னர்கள் கூடுதல் சோதனைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. இரண்டு முறையும் யுரேனியத்தை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

யுரேனியத்தின் கதிர் பலவீனமானது, ஈயம் அதைத் தடுத்துவிடும். ஆனால் கதிரை மறைக்க வைத்த அந்த ஈயமே எக்ஸ்ரே படத்தில் கரிக்கட்டி மாதிரி கறுப்பாகத் தெரியும். தூண் கோட்டைவிட்டதை எக்ஸ்ரே பிடிக்கும், எக்ஸ்ரே கோட்டைவிட்டதைத் தூண் பிடிக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அலாரம் உண்மையாகிவிட்டால் என்ன செய்வது என்பதும் சாதாரண விஷயமில்லை. 2010 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்துக்குச் செம்பு ஸ்கிராப் ஏற்றி வந்த ஒரு கண்டெய்னரில் இருந்து கடுமையான கதிர்வீச்சு. உள்ளே என்ன என்று தெரியாததால் தண்ணீர் நிரப்பிய தொட்டிகளையும் கான்கிரீட்டையும் சுற்றி வைத்து அப்படியே விட்டுவிட்டார்கள். ஓராண்டு கழித்து 2011 ஜூலையில்தான் ரோபோ வைத்துத் திறந்தார்கள். கதிர்வீச்சுக்குக் காரணம் உள்ளே இருந்த கோபால்ட்-60.

லாரி டிரைவருக்கு ஆபத்தா?

முறையாக இயக்கினால் இல்லை. டிரைவ்-த்ரூ ஸ்கேனரில் டிரைவர் உட்கார்ந்திருக்கும் கேபின் தாண்டிய பிறகே கதிர் பாயும். சென்சார் அதைப் பார்த்துக்கொள்ளும். மற்ற வகைகளில் டிரைவரை இறக்கிவிட்டுத்தான் ஸ்கேன் செய்வார்கள். இந்தியாவில் இந்தக் கருவிகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவெர்ட் என்பதே வரம்பு. இயற்கையில் இருந்து நமக்கு வரும் கதிர்வீச்சே உலக சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவெர்ட்.

ஸ்கேன் ஆன அரிசியையோ பருப்பையோ சாப்பிடலாமா என்ற கேள்வியும் வாட்ஸ்அப்பில் சுற்றும் ரகம்தான். தாராளமாகச் சாப்பிடலாம். கருவியை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். சரக்கில் எதுவும் தங்காது.

கவலைப்பட வேண்டியது பெட்டிக்குள் மனிதர்கள் இருந்தால்தான். 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எசெக்ஸில் ஒரு லாரி கண்டெய்னருக்குள் 39 வியட்நாமியர்கள் மூச்சுத்திணறி இறந்து கிடந்தார்கள். பெல்ஜியத்தின் ஜீபுருக்கே துறைமுகத்தில் இருந்து கடல் கடந்து வந்த பெட்டி அது. ஆள் ஒளிந்திருக்க வாய்ப்புள்ள வண்டிகளில் கதிரின் அளவைக் குறைவாக வைக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு அளவு, இதயத்துடிப்பின் அதிர்வு போன்றவற்றைப் பார்க்கும் கருவிகளையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள்.

அமெரிக்காவாலேயே முடியாத 100 சதவீதம்

முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் செய்தால் என்ன?

அமெரிக்கா அப்படி ஒரு சட்டமே போட்டது. தன் நாட்டுக்கு வரும் ஒவ்வொரு கண்டெய்னரும் கிளம்பும் துறைமுகத்திலேயே ஸ்கேன் ஆக வேண்டும், 2012 ஜூலைக்குள் அமலுக்கு வர வேண்டும் என்று 2007-ல் சட்டம் சொன்னது. அந்தக் கெடு வந்தது. இரண்டு ஆண்டு நீட்டித்தார்கள். மறுபடி நீட்டித்தார்கள். உலகிலேயே அதிகப் பணமும் செல்வாக்கும் உள்ள நாட்டின் சட்டம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. உலக அளவில் சோதனைக்கு உள்ளாகும் கண்டெய்னர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு என்பது ஐ.நா. போதைப்பொருள் தடுப்பு அலுவலகம் தொடர்ந்து சொல்லிவரும் கணக்கு.

தூத்துக்குடியை வைத்தே கணக்குப் போடுவோம். ஏற்றுமதி, இறக்குமதி சேர்த்து ஆண்டுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள், 20 அடி கணக்கில். நாளுக்குச் சுமார் 1,900. ஒரு படத்தை உருப்படியாகப் பார்க்க 5 நிமிடம் என்று வைத்தால், தினமும் 158 மணி நேர வேலை. டீ குடிக்கக்கூட எழுந்திருக்காத 20 பேர் வேண்டும். நூற்றில் இரண்டு படத்தில் மட்டும் சந்தேகம் வந்தால்கூட தினம் 38 பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆட்கூலி, இடம், டெமரேஜ். சந்தேகம் வந்ததற்கு எந்தத் தப்பும் செய்யாத ஏற்றுமதியாளர்தான் கப்பலைத் தவறவிடுவார்.

நெரிசல் வந்தால் சோதனைதான் முதலில் பலியாகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2025 ஜனவரியில் கொழும்பு துறைமுகத்தில் கண்டெய்னர்கள் குவிந்து கிடந்தபோது, 323 கண்டெய்னர்கள் நேரடிச் சோதனை இல்லாமலே விடுவிக்கப்பட்டன. இலங்கை நாடாளுமன்றத்தில் மாதக்கணக்கில் புயலைக் கிளப்பிய விவகாரம் அது.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. ஒரு கப்பலில் இருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறும் பெட்டி துறைமுக வாசலுக்கே வருவதில்லை. ஸ்கேனரும் தூணும் பெரும்பாலும் நிற்பது வாசலில். பனாமாவில் கிளம்பிய மரக்கட்டைப் பெட்டி ஆன்ட்வெர்ப்பையும் கொழும்பையும் தாண்டியே தூத்துக்குடி வந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், ஆன்ட்வெர்ப் இப்போது போகும் வழி கொஞ்சம் புத்திசாலித்தனமானது. 2023-ல் மட்டும் அந்தத் துறைமுகத்தில் 116 டன் கொகைன் பிடிபட்டது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேல் கண்டெய்னர் வரும் இடத்தில் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று அவர்கள் வீம்பு பிடிக்கவில்லை. லத்தீன் அமெரிக்காவின் ஆபத்தான வழித்தடங்களில் இருந்து வரும் பெட்டிகளை மட்டும் முழுதாக ஸ்கேன் செய்வது என்று இலக்கு வைத்து, அதற்காகப் புதிய மொபைல் ஸ்கேனர்களை வாங்கினார்கள்.

வானத்தில் இருந்து வரும் எக்ஸ்ரே

கதிரே அனுப்பாமல் படம் எடுக்கும் ஒரு வழியையும் சோதித்து வருகிறார்கள். விண்வெளியில் இருந்து வரும் துகள்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியுவான் என்ற துகள் உருவாகி நம் மேல் விழுந்துகொண்டே இருக்கிறது. உங்கள் உள்ளங்கை வழியாக மட்டும் நிமிடத்துக்குச் சுமார் 100. ஊட்டியில் இருக்கும் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருப்பது இந்த மியுவான்களைத்தான். ஒரு இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை அதை வைத்துத்தான் கணித்தார்கள்.

மியுவான் எந்தக் கண்டெய்னரையும் ஊடுருவும். ஈயம், யுரேனியம் மாதிரி கனமான பொருளைக் கடக்கும்போது பாதை சற்றே வளையும். கண்டெய்னருக்கு மேலேயும் கீழேயும் உணரிகளை வைத்து அந்த வளைவை அளந்தால், உள்ளே கனமாக என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பஹாமாஸின் ஃப்ரீபோர்ட் துறைமுகத்தில் 2012-ல் இப்படி ஒரு கருவியை நிறுவினார்கள். டிரைவர் இறங்க வேண்டாம், உள்ளே ஆள் இருந்தாலும் பயமில்லை.

ஆனால் வானம் தரும் மியுவான்களின் எண்ணிக்கையை நம்மால் கூட்ட முடியாது. எக்ஸ்ரே சில நொடிகளில் முடிக்கும் வேலைக்கு இது நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஈயப் பெட்டியைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்கார இயந்திரம்தான். நூலில் ஊறிய ஹெராயின் என்று வந்தால் இதற்கும் அது வெறும் நூல்தான்.